சிட்டு நின்ற வாசல்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
1902 செப்டம்பர் 19

மாப்பிள்ளை மைதீன் பிச்சைக்கு,

செய்தி வந்தது காலை பத்து நாற்பதுக்கு. வாங்கியது நான்தான். தந்திப் பாரத்தில் நேரம் போட்டிருப்பதும் என் கையெழுத்துதான். அன்று இரவு நான் வந்து இறங்கியபோது, என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, பள்ளிவாசல் முன்னால் ஊரே பார்க்க ஆட்டினாய். "பத்து நாப்பதுக்கு வாங்கிட்டு இம்புட்டு நேரம் எங்க கிடந்தீங்க?" என்று கேட்டாய். அப்போது உன் சட்டையைப் பிடிக்கத்தான் கை வந்தது. இப்போது பதில் எழுதுகிறேன். நேரில் பேசக்கூடாது என்று உன் பெண்டாட்டி உத்தரவு போட்டிருக்கிறாள். "வாயைத் தொறந்தா அடிச்சுக்கிடுதீங்க. ரெண்டு பேரும் எழுதிக்கிடுங்க. கை வலிச்சாவது நிறுத்துவீங்க" என்றாள். என் தங்கை சொல்லுக்காகத்தான் இந்தக் காகிதம். உனக்காக இல்லை.

தந்தி வாங்குகிறவனுக்கு வார்த்தை வருவதில்லை, எழுத்து எழுத்தாகத்தான் வரும். காது கேட்கும், கை எழுதும். நடுவில் மனசு என்று ஒன்று இருக்கும், என் பெண்டாட்டி மாஜிதா மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு எனக்கு அது வேலை செய்வதில்லை. காது கேட்கிறது, கை எழுதுகிறது. அவ்வளவுதான். அன்றைக்கு என் பெயரையே எழுதினேன், என் தெருவை எழுதினேன். 'தகப்பனார் காலமானார், உடனே வரவும்' என்று அவர்கள் இங்கிலீஷில் அடித்ததை எழுதினேன். மடித்தேன், உறையில் போட்டேன், புதிதாக வந்த சேவகன் காளிராஜிடம் கொடுத்தேன். 'கிடைத்தது' என்று உங்கள் ஊருக்குப் பதில் அடித்ததும் என் விரல்தான்.

அவன் என் வீட்டுக்குப் போனான். வீடு பூட்டிக் கிடந்தது. திறக்க அங்கே யார் இருக்கிறார்கள்? கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்துவிட்டான். வேலை முடிந்து போய் விளக்கேற்றக் குனிந்தபோதுதான் என் கையெழுத்தை நானே பார்த்தேன்.

நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

இப்போது விஷயம். அத்தாவை அடக்குவதற்கு முன்னால் சபையில் எழுந்து, "அவிய கடனுக்கு நான் பொறுப்பு" என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது மகன் சொல்ல வேண்டிய வார்த்தை. அவருக்கு ஒரே மகன் நான். நீ மருமகன். யாருக்கு என்ன பாக்கி என்று எழுதி அனுப்பு. நான் தீர்த்துக்கொள்கிறேன். நீ விலகிக்கொள்.

நைனா முகமது


ராஜபாளையம்
செப்டம்பர் 23

மரியாதைக்குரிய மச்சானுக்கு மைதீன் பிச்சை எழுதிக்கொண்டது.

உங்க காகிதம் கெடச்சுது. சௌதாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அழுதா. "எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டான்"ன்னா. அண்ணன் பொய் சொல்ல மாட்டான், சரி. அப்பம் புருசன்தான் பொய்யனோ? கேட்டதும் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. தந்தி சேந்துருச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாவ. அதை நம்பி நான் ஆளு அனுப்பல. மத்தியானம் லுஹர் தொழுகைக்கே அவியளை எடுத்துருக்கணும். "மகன் வருதான், செத்த நேரம் பொறுங்க"ன்னு நான்தான் ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுக் கெஞ்சினேன். சாயந்தரம் அஸர் தொழுகைக்கு மேல அவிய உடம்பை வச்சிருக்கப்படாதுன்னு பெரியவங்க எந்திரிச்சுட்டாவ.

தொழ வைக்க முன்ன இமாம் திரும்பிப் பாத்து, "மவுத்தானவருக்கு யார்கிட்டயாவது கடன் உண்டா? பொறுப்பு யாரு?"ன்னு கேட்டாரு. மாமு அங்கன கிடக்காவ. அவியளுக்குப் பொறுப்பு சொல்ல ஆளில்லாம சபை நிக்குது. நீங்க இருந்து பாத்திருக்கணும் மச்சான். எனக்கு மேலெல்லாம் கூசிப்போச்சு. முன்னால வந்து, "நான் இருக்கேன், யாரா இருந்தாலும் எங்கிட்ட வந்து கேளுங்க"ன்னு சொல்லிட்டேன். சபையில சொன்ன சொல்லு. நீங்க காகிதத்துல 'விலகிக்கொள்'னு எழுதினா விலகிருமா?

யாருக்கு என்ன பாக்கின்னு எழுதி அனுப்பச் சொல்லுதீங்க. உங்க அத்தா என்னைக்கு எழுதி வச்சாவ? கமலைத் தோலு தச்சு ஊர் ஊராக் குடுத்த மனுசன். கிணத்துல தண்ணி இறைக்குற தோலு கிழிஞ்சா வெள்ளாமை பாக்குற சம்சாரி அன்னைக்கே ஓடி வருவான். அவன்கிட்டயே செத்த மாட்டுத் தோலை வாங்குவாவ, "அடுத்த நடைக்குப் பாத்துக்கிடுவோம்"பாவ. அம்புட்டும் மனசுக்குள்ள. மனசோட மண்ணுக்குள்ள போயிட்டாவ.

அவிய சாமான் எல்லாம் வச்சது வச்ச மாதிரி இருக்கு. தையல் ஊசிப் பெட்டி, அந்தப் பச்சைச் சால்வை, தொழுகைப் பாய், மட்டக்குதிரை சிட்டு. கடன் தீந்த பொறவுதான் பங்கு. இது நான் சொல்லல, மார்க்கம் சொல்லுது. தந்தி ஆபீஸ் சட்டம் வேற மாதிரியா இருந்தா எழுதுங்க, தெரிஞ்சுக்கிடுதேன்.

மைதீன் பிச்சை


ஸ்ரீவில்லிபுத்தூர்
செப்டம்பர் 26

மாப்பிள்ளைக்கு,

சட்டம் எனக்கும் தெரியும்.

ஊசிப் பெட்டி உனக்கே இருக்கட்டும். நான் தொட்டால் அத்தாவே எழுந்து வந்து பிடுங்கிக்கொள்வார். சின்ன வயசில் ஒரு தடவை தைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். என் தையலைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், மழை பெய்வதுபோல் ஒழுகியது. உன்னைக் கூப்பிட்டு அதைப் பிரித்துத் தைக்கச் சொன்னார். நீ தைத்தாய், ஒழுகவில்லை. அன்று மாலை தொழுகைக்குப் போகும்போது உன் தோளில் கை போட்டுக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன். நீ அப்பா இல்லாத அத்தை மகன், இரக்கப்பட்டு வீட்டில் வைத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு என் தங்கையையும் உனக்கே கொடுத்தார். அப்புறம் என்ன இரக்கம்?

அதனால்தான் நான் மதுரைக்குப் போய் இந்தக் கருவியைப் படித்தேன். அவருக்கு ஒன்றும் புரியாத ஒரு வேலையாக இருக்க வேண்டும் என்று தேடிப் படித்தேன்.

உயிரோடு இருந்தபோது அவர் உன்னுடையவர். போகட்டும். கடனாவது என்னுடையதாக இருக்கட்டும் என்கிறேன். அதுவும் உனக்கு வேண்டுமா?

பாக்கி யார் யாருக்கு என்று தெரியாமல் எப்படித் தீர்ப்பாய்? ஊரெல்லாம் தண்டோரா போடுவாயா? கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பாயா? சிட்டுவை அனுப்பு. நானே ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறேன். போஸ்ட் மாஸ்டர் ஸுந்தரராஜ ஐயங்கார் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். "அழவாவது போய்ட்டு வாங்கோ ராவுத்தரே" என்றார். அழுகைக்கு லீவு எதற்கு, அது வந்தால் ஆபீஸிலேயே வரட்டும் என்றேன்.

நைனா முகமது


ராஜபாளையம்
அக்டோபர் 6

மச்சானுக்கு,

பதில் எழுதச் சுணங்கிட்டேன். ஊரெல்லாம் அலைஞ்சுட்டு நேத்துதான் வந்தேன்.

தண்டோரா போடல. நான் ஒண்ணும் செய்யவும் இல்ல. சிட்டு மேல ஏறி உக்காந்து, கடிவாளத்தைத் தளர விட்டுட்டேன். அம்புட்டுதான். வருசக்கணக்கா மாமு போன வழி அதுக்குத் தெரியும். எந்த வாசல்ல நிக்கணும்னும் தெரியும். அது நின்ன வாசல்ல நான் எறங்கி, "மாமு மவுத்தாயிட்டாவ. உங்களுக்கு ஏதும் தர வேண்டியது உண்டா?"ன்னு கேட்டேன். சில வீட்ல, "இல்லப்பா, நாங்கதான் அவருக்குத் தரணும்"ன்னு உள்ள போய்க் கம்பு அள்ளிட்டு வந்தாவ. சில வீட்ல சும்மா தண்ணி குடிக்க நின்னுருக்காவ போல, குதிரையைப் பாத்துட்டுப் புள்ளைய ஓடி வந்துச்சுக.

செட்டியார்பட்டியில செல்லக்கனின்னு ஒரு பொம்பளை. அவ காளை செத்தப்போ தோலை மாமு எடுத்துக்கிட்டு, பதிலுக்குப் புதுக் கமலைத் தோலு ஒண்ணு தச்சுத் தாரேன்னு சொல்லிருக்காவ. "ஏலே, ராவுத்தரு போயிட்டாருன்னா என் கெணத்துக்கு யாருலே பதில் சொல்லுவா?"ன்னு வாசல்லயே உக்காந்துட்டா. நான் சொல்லுதேன் ஆத்தான்னேன். "நீ யாரு? மவனா?"ன்னா. மருமவன்னேன். "மவன் என்ன ஆனான்?"னு கேட்டா. நான் என்ன சொல்ல? கவருமென்ட்டு வேலைன்னேன். "பெரிய வேலைதான்"னு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. அவளுக்கு ராத்திரி பகலா உக்காந்து தச்சுக் குடுத்துட்டேன். தண்ணி ஊத்திப் பாத்தேன். ஒழுகல.

புதுப்பட்டி வரைக்கும் போயாச்சு. எல்லாம் தீத்தாச்சு. ஒண்ணு மட்டும் எழுதக் கை வர மாட்டேங்குது. ஆனா எழுதணும்.

திரும்பி வரயில சிட்டு வன்னியம்பட்டிக்குள்ள தானாத் திரும்புச்சு. அங்கன மாமுவுக்கு ஒரு வாடிக்கையும் கிடையாதேன்னு நெனச்சேன். நேரா உங்க மாமியா வீட்டு வாசல்ல போய் நின்னுது. மாஜிதாவோட அம்மா வெளிய வந்து சிட்டுவைப் பாத்தா, என்னைப் பாத்தா, அழுதா. நான் வழக்கம்போல கேட்டேன். சொல்ல மாட்டேன்னா. நான் போக மாட்டேன்னேன்.

நிக்காஹ்ல, மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்க வேண்டிய மஹரா நீங்க மாஜிதாவுக்கு மூணு பவுன் சொன்னீங்க. கையில குடுக்கல, பொறவு தாரேன்னு ஏத்துக்கிட்டீங்க. அவ கேக்கல. நீங்க குடுக்கல. அவ போனதும் அதுல தாய்க்குச் சேர வேண்டிய பங்கு கடனா நின்னு போச்சு. அந்தக் கடனை மாசாமாசம் வந்து குடுத்துக்கிட்டிருந்தது உங்க அத்தா. இன்னும் பாக்கி இருக்கு.

சபையில சொன்ன சொல்லுக்குள்ள இதுவும் வருது மச்சான். நான்தான் குடுக்கணும். வார வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சு கொண்டுபோய்க் குடுக்கலாம்னு இருக்கேன்.

மைதீன் பிச்சை


ஸ்ரீவில்லிபுத்தூர்
அக்டோபர் 8

மைதீன் பிச்சை,

கொடுக்காதே.

அத்தாவின் குதிரையில் ஏறினாய். அவர் வாசல்களில் இறங்கினாய். அவர் தையலைத் தைத்தாய். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். என் பெண்டாட்டியின் மஹர் உன் கையிலிருந்து போகக்கூடாது. ஒரு காசுகூட. அவள் பெயரை என் மாமியார் வாசலில் நின்று நீ சொன்னாய் என்பதைப் படித்தபோதே எனக்குக் கண் மங்கியது.

நான்கு மாதமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவளைக் குளிப்பாட்டித் தூக்கியபோதும் உறைக்கவில்லை. அத்தா மவுத்தும் உறைக்கவில்லை. இது உறைக்கிறது. நெஞ்சில் தீயை வைத்தது மாதிரி இருக்கிறது. உன் மேல் உள்ள எரிச்சல்தான் என்னை எழுப்பியிருக்கிறது என்றால் அதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

என் கடனை அத்தா எப்படி ஏற்றார்? யார் கேட்டார்கள்? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? உன்னிடம் சொன்னாரா? சொன்னார் என்றால் அதையும் எழுதிவிடு.

நைனா


ராஜபாளையம்
அக்டோபர் 12

ஏலே நைனா,

மச்சான் மாப்பிள்ளை எல்லாம் ஒரு பக்கம் கெடக்கட்டும். ஒரே பாயில படுத்து ஒரே தட்டுல தின்னவங்க நாம. நீ கேட்ட, சொல்லுதேன்.

மாஜிதாவை அடக்க எடுத்த அன்னைக்கு இமாம் இதையேதான் கேட்டாரு. "பொறுப்பு யாரு?"ன்னாரு. எல்லாரும் உன்னைப் பாத்தாவ. நீ முன் வரிசையில, மாமுவுக்குப் பக்கத்துலதான் நின்ன. கண்ணு எங்கயோ இருந்துச்சு. விரலு மட்டும் தொடையில கட கடன்னு தட்டிக்கிட்டே இருந்துச்சு. இமாம் ரெண்டாந்தடவை கேட்டாரு. அப்பம் மாமு ஒரு எட்டு முன்னால வச்சு, "என் மருமவ கடனுக்கும், என் மவன் அவளுக்குத் தர வேண்டியதுக்கும் நான் பொறுப்பு"ன்னு சொன்னாவ. நீ அதைக் கேக்கவே இல்ல. வரும்போது எங்கிட்ட, "அவன்கிட்ட இப்பம் சொல்லிராத. கேக்குற நெலமையில இல்ல. தெளிஞ்ச பொறவு அவனே கேப்பான்"ன்னாவ. மாசாமாசம் போய்க் குடுத்தது எனக்குத் தெரியாது. அது சத்தியம்.

உன் இடத்துல நீ நிக்கல, அங்க அவிய நின்னாவ. பொறவு அவிய இடத்துல நான் நின்னேன். இதுல நான் திருடினது என்ன, சொல்லு?

இன்னொண்ணும் இருக்கு. முந்துன காகிதத்துல எழுதல. எழுத எனக்கு மனசில்ல. சௌதாதான், "எழுதலைன்னா சோறு கிடையாது"ன்னு அகப்பையோட தலைமாட்டுல நிக்கா.

வன்னியம்பட்டியோட சிட்டு வீட்டுக்குத் திரும்பல. மறுபடியும் வில்லிபுத்தூர் பாதையில ஏறுச்சு. கோபுரம் தெரிஞ்சுது. தேர் வீதியைத் தாண்டி உங்க ஆபீஸுக்கு எதுத்தாப்புல, மோர்க்காரி முத்துப்பேச்சி கொட்டாய்க்கிட்ட போய் நின்னுது. அடிச்சாலும் நகரல. அவ சிட்டுவைப் பாத்ததும் கொள்ளுப் பானையைத் தொறந்தா. என்னைப் பாத்து, "ராவுத்தரு எங்க? மூணு வாரமா ஆளக் காணோம்?"ன்னா. சொன்னேன். ஐயோன்னு தலையில கை வச்சுக்கிட்டா.

மாஜிதா போன பொறவு அவிய வாரம் தவறாம அங்கன வந்திருக்காவ. ஆபீஸுக்குள்ள வரல. உன்னைக் கூப்பிடல. குதிரைக்குக் கொள்ளு வச்சுட்டு, ஒரு சொம்பு மோர் வாங்கிக்கிட்டு நிப்பாவளாம். உள்ள இருந்து கட கடன்னு சத்தம் வருமாம். "அது என்ன சத்தம் ராவுத்தரே?"ன்னு இவ கேட்டிருக்கா. "அதுவா, என் மவன் பேசுதான். வீட்லதான் பேச மாட்டேங்கான். அங்கன நல்லாப் பேசுதான், மெட்ராஸ் வரைக்கும் கேக்கும்"ன்னாவளாம். சத்தம் நிக்கிற வரைக்கும் கேட்டுட்டுப் போயிருவாவளாம்.

நான் திரும்பிப் பாத்தேன். சன்னல்ல உன் முதுகு தெரிஞ்சுது. அதே சத்தம். எனக்கு வயிறு எரிஞ்சுது நைனா. வாழ்நாள் பூரா அவிய கூட இருந்தேன். குதிரையைக் கழுவினேன், காலைப் புடிச்சு விட்டேன், கடைசித் தண்ணி என் கையாலதான் குடிச்சாவ. நான் தச்ச தோலைப் பாத்து ஒரு நாள் 'நல்லாருக்கு'ன்னு சொன்னதில்ல. ஒரு எழுத்தும் புரியாத உன் சத்தத்தைக் கேக்கக் குதிரை ஏறி வந்திருக்காவ.

முத்துப்பேச்சிக்கு மோருக்கும் கொள்ளுக்கும் பாக்கி. குடுக்கப் போனேன். பையில கையை விட்டுட்டு அப்படியே எடுத்துட்டேன். எல்லார் கடனையும் தீத்தேன், இதைத் தீக்கல. இது உன் கடன். ரோட்டைத் தாண்டிப் போ.

மஹர் பாக்கியும் உனக்கே. போன வெள்ளிக்கெழமை நான் குடுக்கல. வார வெள்ளிக்கெழமை வரைக்கும் காத்திருப்பேன். அதுக்குள்ள நீ வரலைன்னா நான் சொன்ன சொல்லைக் காப்பாத்துவேன்.

மைதீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
அக்டோபர் 16, வியாழன் மாலை

மைதீனுக்கு,

ரோட்டைத் தாண்டினேன்.

முத்துப்பேச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "கட கட புள்ளையா நீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். பாக்கியைக் கேட்டேன், சொன்னாள், கொடுத்தேன். "இம்புட்டு நாளா எதுத்தாப்புல இருந்துக்கிட்டு ஒரு சொம்பு மோர் குடிக்க வந்திருக்கீகளா?" என்று திட்டினாள். ஒரு சொம்பு ஊற்றினாள். அவர் நிற்கும் இடம் எது என்று கேட்டேன். புளியமரத்து வேரைக் காட்டினாள். அங்கே போய் நின்றேன். ஆபீஸில் எனக்குப் பதில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ வாங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கேட்டால் எழுத்து எதுவும் பிரியவில்லை. மழைத்தூறல் தகரத்தில் விழுவது மாதிரி இருந்தது. அத்தா கேட்டது இதைத்தான். நடுரோட்டில் நின்று அழுதேன். காளிராஜ் ஓடிவந்து, "சார், மாரடைப்பா?" என்று கேட்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் மனசில்லைதான். எனக்கும் ஒரு சௌதா இருந்திருந்தால் அகப்பையோடு நின்றிருப்பாள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தா என்னிடம் பேசியது உன்னைப் பற்றித்தான். "மைதீன் தையல்ல ஒரு சொட்டு ஒழுகாது. எனக்கே ஒழுகும், அவனுக்கு ஒழுகாது" என்பார். உன்னிடம் சொன்னாரா என்று கேட்டேன். "அவன்கிட்ட சொன்னா கை தடுமாறிரும்" என்றார். ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டு வயிறு எரிந்துதான் மாட்டுவண்டி ஏறித் திரும்பினேன். அப்படிச் சொன்னாலும் என்றாவது உனக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்து எரிந்தேன். கடைசிவரை சொல்லவில்லை என்று உன் காகிதத்தைப் பார்த்துதான் தெரிந்தது. தெரிந்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்கவில்லை.

நாளைக் காலை கிளம்புகிறேன். முதலில் வன்னியம்பட்டி. பாக்கி மஹரை மாஜிதாவின் அம்மா கையில் நானே கொடுப்பேன். என் சம்பளத்தில் சேர்த்தது. பிறகு ஜும்மாவுக்கு உங்கள் பள்ளிவாசலுக்கு வருவேன். தொழுகை முடிந்ததும் சபையில் எழுந்து, "காசிம் ராவுத்தர் மகன் நைனா முகமது நான். என் அத்தாவுக்கு யாரிடம் என்ன பாக்கி இருந்தாலும் இனி என்னிடம் கேளுங்கள்" என்று சொல்வேன். நீதான் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டாய், கேட்க ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்வேன். நீ பக்கத்தில் நில். முன்னால் நிற்காதே.

சாமான் பங்கில் எனக்குப் பச்சைச் சால்வை போதும். சிட்டு உன்னிடமே இருக்கட்டும். ஆனால் வாரம் ஒரு தடவை அது இந்தப் பக்கம் வந்தே தீரும், நீ அடித்தாலும் நிற்காது. வரும்போது மேலே நீயும் இருந்தால் மோருக்கு நான் கொடுக்கிறேன்.

இந்தக் காகிதத்தைக் காளிராஜ் இப்போது கிளம்பும் வண்டியில் கொண்டுவருகிறான். கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், கதவுக்குக் கீழே தள்ளக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். வர வேண்டாம் என்று எனக்குத் தந்தி கிந்தி அடிக்காதே. மலைப்பக்கம் இடி உறுமுகிறது. ஐயங்காரிடம் சொல்லிவிட்டு, மின்னல் கம்பி வழியே கருவிக்குள் வராதபடி லைனைப் பூமியில் இறக்கி, கருவியை நிறுத்திவிட்டேன்.

நைனா